உள்ளங்கால் மச்சத்தார்

கொரிய மொழியில் மச்சத்துக்கும் ஜோசியத்துக்கும் ஒரே சொல்தான். ஜொம். ஒருவர் வந்து "ஜொம் பார்க்கணும்" என்றால் அவருக்கு எது வேண்டும் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேறு கட்டடங்களில் இது பெரிய பிரச்சினையாக இருக்காது. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஜோசியர், நான்காவது மாடியில் நாங்கள்.

நாங்கள் என்றால் பியோ தோல் மருத்துவமனை. டாக்டர் பியோ, ஆலோசகர் ஒக் அக்கா, லேசர் அறையில் இரண்டு நர்சுகள், வரவேற்பு மேசையில் நான். பூசான் நகரில் சொம்யொன் சந்திப்பைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் நாலைந்து தோல் மருத்துவமனைகள் இருக்கும். அவற்றில் கடைசியாக ஞாபகம் வருவது எங்களுடையது. டாக்டருக்குப் படர்தாமரையும் சொரியாசிஸும்தான் பிடிக்கும். முகத்தை வெளுப்பாக்கிக்கொள்ள வந்தவர்களிடம், "ஏற்கெனவே வெளுப்பாத்தானே இருக்கீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர்களை லிஃப்ட் வரை துரத்திப் போய்த் திரும்ப அழைத்து வருவது ஒக் அக்காவின் வேலை.

நான் உயிரியல் படித்தவள். நாள் முழுக்க முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம் என்பதால் இந்த வேலைக்கு வந்தேன். தவறு நடந்ததும் என் மேசையில்தான்.

ஜூலை மாதம். ஒரு வாரமாக மழை. மார்க்கெட்டில் மீன் வடையும் சூப்பும் விற்கும் கடை நடத்தும் நம்குங் அம்மா குடையை உதறிக்கொண்டு லிஃப்டிலிருந்து இறங்கினார்.

"ஜொம் பார்க்கணும்மா."

"எத்தனைங்க?" என்று கேட்டேன்.

"மூணு. பெரிசு ஒண்ணு, சின்னது ரெண்டு."

பெரிசு ஒன்று, சின்னது இரண்டு என்று எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்தேன். அவர் படிக்காமல் போட்டார். ஜோசியரிடம் கேட்க மூன்று கேள்விகளோடு வந்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒக் அக்கா அவரை உட்காரவைத்து முகத்தில் மூன்று இடங்களில் மரத்துப்போகும் களிம்பைத் தடவினார். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்.

"எப்பவும் அரிசியைத்தானே தூவுவாரு" என்றார் நம்குங் அம்மா. கீழ் மாடி ஜோசியர் அரிசி தூவித்தான் குறி பார்ப்பார்.

"இது புது முறைங்க" என்றார் ஒக் அக்கா. அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

லேசர் அறையில் நடந்ததை நர்சுகள் பிறகு சொன்னார்கள். கண்ணைக் கட்டிப் படுக்கவைத்ததும் நம்குங் அம்மா முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

"என் பையன் மூணு வருஷமா அரசாங்கப் பரீட்சை எழுதிட்டு இருக்கான். இந்தத் தடவையாவது முடியுமா?"

டாக்டர் பியோ வேலை செய்யும்போது மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதில்லை. "இந்தத் தடவையோட முடிஞ்சிடும்" என்றாராம், மச்சத்தைப் பார்த்தபடி.

"நிஜமாவா சொல்றீங்க?"

"வேரோட முடிஞ்சிடும். பத்து நாள் தண்ணி படாம மட்டும் பார்த்துக்கோங்க."

"பத்து நாளும் அவனைக் குளிக்கவே விடமாட்டேன்" என்று சொல்லி நம்குங் அம்மா அழுதிருக்கிறார். வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

முகத்தில் மூன்று சின்ன வட்டப் பிளாஸ்திரிகளோடு அவர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். கால் மணி நேரம் கழித்து மூன்றாவது மாடி ஜோசியர் மேங் ஐயா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"எவன் எடுத்தது அதை?"

எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இளஞ்சிவப்பு நிறச் செருப்புகளை மாட்டிக்கொண்டு வர வேண்டும். அவர் தன் செருப்பைக் கழற்றினார். எங்கள் செருப்பைக் காலால் தள்ளினார். ஈரக் காலுறையோடு தரையில் சதக் சதக்கென்று நடந்து வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"வாய் ஓரத்துல இருந்தது சோத்து மச்சம்! எட்டு வருஷமா அதைத் தொடாதே தொடாதேன்னு சொல்லிட்டிருக்கேன். இந்த அம்மா கடை ஓடறதே அதாலதான்!"

"கடை ஓடறது என் சூப்பாலங்க" என்றார் நம்குங் அம்மா.

"நீங்க சும்மா இருங்க!"

காத்திருந்தவர்களில் நான்கு பேர் முகத்தில் பிளாஸ்டிக் தாளோடு ஒரே சமயத்தில் திரும்பினார்கள். முகம் மரத்துப்போயிருந்ததால் ஒருவராலும் சிரிக்க முடியவில்லை.

நான் எழுந்து நின்று நம்குங் அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்தேன். தவறு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"ஏம்மா, அஞ்சு வயசு கொறைஞ்சிருச்சு. இதுக்குப் போய் மன்னிப்பா?" என்று அவர் என் தோளைத் தட்டினார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். மேங் ஐயா ஒரு காலைத் தூக்கி இன்னொரு முழங்காலின்மேல் போட்டுக்கொண்டு, அதை ஆட்டியபடியே திட்டினார். மருத்துவம் என்றால் என்ன, விதி என்றால் என்ன, பக்கத்து மாடிக்காரர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். டாக்டர் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிகாலில் காலுறை கிழிந்திருந்தது.

"நான் சொல்றது காதுல விழுதா டாக்டரம்மா?"

"இல்ல. காலைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க."

மேங் ஐயா நிறுத்தினார். அவர் முகம் மாறியது. கோபம் போய் ஒரு பெருமை வந்தது.

"ஓ. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கேள்விப்படாமல் எப்படி இருப்பது? கீழே வாசலில் அவருடைய பலகை எங்கள் பலகையைவிடப் பெரியது. 'உள்ளங்கால் மச்சத்தார் ஜோசிய நிலையம்.' உள்ளங்காலில் மச்சத்தோடு பிறந்தவன் அதிர்ஷ்டத்தை மிதித்துக்கொண்டே நடப்பான் என்பார்கள். அவர் காலுறையைத் தானே உருவிப் போட்டுவிட்டு எல்லோருக்கும் தெரியும்படி காலை நீட்டினார். டாக்டர் தரையில் மண்டியிட்டு, மச்சம் பார்க்கும் கருவியை வைத்து, படம் எடுத்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"பொறந்ததுலேருந்து. எள்ளு மாதிரி இருக்குன்னு மருத்துவச்சியே ஆச்சரியப்பட்டாளாம்."

"கடைசியா நீங்க எப்ப பார்த்தீங்க?"

"என் காலை நான் எதுக்குப் பார்க்கணும்?" என்றார். அவருடைய தொப்பையைப் பார்த்தால் கேள்வியே தப்பு என்று தெரியும்.

"நாளைக்கு வாங்க. ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

மேங் ஐயா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அந்த அம்மா மச்சத்தை எடுத்தது போதாதுன்னு இப்ப என் மச்சத்துமேலயும் கண்ணா?" என்று கத்திவிட்டு, காலுறையைக் கையில் பிடித்தபடி வாசலில் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாலையில் டாக்டர் என்னைக் கணினித் திரைக்கு முன்னால் கூப்பிட்டார்.

"போரம், நீ படிச்சவதானே. பாரு."

உள்ளங்காலின் தோலைப் பெரிதாக்கினால் உழுத வயல் மாதிரி இருக்கும். மேடும் பள்ளமுமாக வரிசை வரிசையான கோடுகள். சாதாரண மச்சம் என்றால் நிறம் பள்ளங்களில் தங்கியிருக்கும். இதில் மேடுகளின்மேல் ஏறியிருந்தது. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கறுப்பு, நடுவில் சாம்பல். ஓரம் எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியவில்லை.

"புற்றுநோய்ங்களா?" என்றேன்.

"துண்டு எடுக்காம சொல்லக் கூடாது. ஆனா நான் பயப்படறேன்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப மேல்தோல்லதான் இருக்கும்னு தோணுது. இப்பவே எடுத்தா பொழைச்சிடுவார். அடுத்த வருஷம் வந்தார்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

அடுத்த நாள் டாக்டர் தானே அவரைப் படிக்கட்டில் மடக்கினார். நான் பின்னால் நின்றேன்.

"அதை எடுக்கலைன்னா செத்துடுவீங்க."

"எடுத்தா பட்டினியில சாவேன். பலகையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்கல்ல?" என்று சொல்லிவிட்டு மேங் ஐயா கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் ஒக் அக்கா போனார். "பேசற விதத்துல பேசணும். டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று உதட்டுச் சாயத்தைச் சரி செய்துகொண்டு கிளம்பினார். முக்கால் மணி நேரம் கழித்துச் சிவந்த முகத்தோடு வந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயதில் இன்னொரு கல்யாணம் இருக்கிறதாம். மாப்பிள்ளை கப்பலில் வேலை செய்பவராம். மச்சத்தைப் பற்றிப் பேச மறந்துவிட்டார்.

"போரம், நீ போ" என்றார் டாக்டர்.

"நானுங்களா?"

"நீ பேசவே மாட்டே. அவருக்குச் சண்டை பிடிக்க வழியிருக்காது."

முதல் தடவை கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன். இரண்டாவது தடவை உள்ளே போனேன். மேங் ஐயா என்னை உட்காரச் சொல்லி முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்.

"முப்பத்தொண்ணுக்கு முன்னால கல்யாணம் இல்ல. பயந்த சுபாவம். ஆனா ஒரு தடவை பிடிச்சா விடமாட்டே."

"நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

"என்ன சொன்னார்?" என்று டாக்டர் கேட்டார்.

"முப்பத்தொண்ணுங்க."

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மனிதர்களின் முகத்தைப் பார்க்க முடியாதபோது நான் சுவரில் இருப்பதைப் படிப்பேன். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய முகப்படம் தொங்கியது. முகம் முழுக்க எண்கள் போட்ட மச்சங்கள். கீழே இரண்டு வரிகள். உயிர் மச்சம்: வட்டம், தெளிந்த ஓரம், ஒரே நிறம், அளவு மாறாது. செத்த மச்சம்: கோணல், கலங்கிய ஓரம், பல நிறம், பரவும்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. புற்றுநோய் மச்சத்தைக் கண்டுபிடிக்க, மூன்றாம் ஆண்டுப் பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த அதே பட்டியல். வரிசைகூட மாறவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், டாக்டர் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் எடுத்த மச்சப் படத்தைத் தாள் முழுக்கப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு கீழே போனேன். மேங் ஐயா பன்றிக் கறிச் சூப்பில் சோற்றைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா? முப்பத்தொண்ணுதான். மாத்த முடியாது."

நான் தாளை மேசையில் வைத்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "ஒருத்தரோட மச்சம். நல்லதா கெட்டதான்னு பார்க்கணும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "டாக்டரம்மா அனுப்பினாங்களா?"

நான் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வழிக்கு வந்தாங்க பார். மெஷின்ல எல்லாம் தெரிஞ்சிடுமா என்ன?" வாயைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தார். தாளின்மேல் குனிந்தார். பிறகு உச்சுக்கொட்டினார்.

"ஐயய்யோ."

"என்னங்க?"

"ஓரத்தைப் பாரு. நனைஞ்ச காகிதத்துல மை ஊறின மாதிரி. நிறத்தைப் பாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு. உருவம்னு ஒண்ணு இருக்கா இதுக்கு?" அவர் விரல் தாளின்மேல் நகர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. "இதைப் பாரு. இதுதான் மோசம். ரேகையில தண்ணி எங்கே போகணும்?"

"தெரியலைங்க."

"வாய்க்கால்ல போகணும். இதுல வரப்பு மேல ஏறி ஓடுது. வரப்பு மேல தண்ணி ஓடினா வயல் என்னாகும்?"

டாக்டர் திரையில் காட்டியதும் இதுவேதான்.

"எங்கே இருக்கு இது? கையா, காலா?"

"கால்ங்க."

"ஓடியாடற ஆளா?"

"உட்கார்ந்து செய்யற வேலைங்க."

"அதிர்ஷ்டக்காரன்னு நினைச்சுட்டு இருப்பானே?"

"ரொம்பங்க."

"முட்டாள். இது செத்த மச்சம். எடுத்துடச் சொல்லு. இந்த வாரமே. எடுக்காம விட்டா இவனை இது எடுத்துடும்." அவருக்கே அந்த வாக்கியம் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எழுதித் தருவீங்களா?"

தாயத்து எழுதும் மஞ்சள் தாள் ஒன்றை உருவினார். தூரிகையைச் சிவப்பு மையில் தோய்த்து, 'இந்த மச்சம் உடனே அகற்றத்தக்கது' என்று பெரிதாக எழுதினார். கீழே முத்திரை குத்தினார். ஊதிக் காயவைத்தார்.

"பேர் போடணும். என்ன பேர்?"

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை குரல் வந்தது. சின்னதாக, ஆனால் வந்தது.

"மேங் தொக்-சூங்க."

"அட, என் பேரேதான்!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தூரிகையை மையில் தோய்த்தார். தாளின்மேல் கொண்டுபோனார்.

தூரிகை அங்கேயே நின்றது.

உயிரோடு இருப்பவர் பெயரை இங்கே யாரும் சிவப்பு மையில் எழுதுவதில்லை. இறந்தவர்களின் பெயரைத்தான் எழுதுவார்கள். ஒரு சொட்டு தாளின் ஓரத்தில் விழுந்தது. அவர் தூரிகையைப் பக்கத்தில் வைத்தார். வைத்த இடத்தில் சூப்புக் கிண்ணம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

குனிந்து காலுறையை உருவினார். காலைத் தூக்கிப் பார்க்க முயன்றார். தொப்பை இடித்தது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். நாற்காலியோடு சாயப் போனார். நான் எழுந்து, வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கும் கைக்கண்ணாடியை எடுத்து அவர் குதிகாலுக்குப் பின்னால் பிடித்தேன்.

நெடுநேரம் பார்த்தார்.

"இது அது இல்ல" என்றார். "அது எள்ளு அளவுதான். வட்டமா இருக்கும். எங்கம்மா எண்ணெய் தேய்க்கும்போது விரலால தொட்டுத் தொட்டுக் காட்டுவா."

"எப்ப மாறுச்சுன்னு தெரியுமாங்க?"

"நான் பார்த்தே இருபது வருஷம் இருக்கும்மா." குரல் தணிந்திருந்தது. "வர்றவங்க மூஞ்சியெல்லாம் பார்த்துட்டு இருந்தேன்."

பிறகு என்னை முறைத்தார். "பொய் சொல்லி எழுதி வாங்கிட்டேல்ல நீ?"

"பொய் சொல்லலைங்க. ஒருத்தரோடதுன்னுதான் சொன்னேன்."

"பயந்த சுபாவம்னு வேற சொல்லித் தொலைச்சேன்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து கிளறினார். உள்ளே இருந்தவை எல்லாம் சிவப்புப் பேனாக்கள். "உன்கிட்ட வேற நிறத்துல பேனா இருக்கா?"

என் சட்டைப் பையிலிருந்த நீல நிறப் பேனாவைக் கொடுத்தேன். அவர் தன் பெயரை எழுதினார். கோணலாக வந்தது. தாளை மடித்து என்னிடம் தரவில்லை. தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நட. உங்க டாக்டரம்மாகிட்ட நானே கொடுக்கறேன். இல்லேன்னா அவங்களே கண்டுபிடிச்ச மாதிரி பேசுவாங்க."

டாக்டர் அந்த மஞ்சள் தாளை இரண்டு தடவை படித்தார். "சரியாச் சொல்லியிருக்கீங்க" என்றார். மேங் ஐயா தலையை ஒரு முறை ஆட்டிப் பாராட்டை ஏற்றுக்கொண்டார். மருந்துச் சீட்டுகளோடு தாயத்துத் தாளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பரிந்துரைக் கடிதங்கள் வைக்கும் உறையில் வைத்தேன்.

"புதன்கிழமை பதினோரு மணி" என்றார் டாக்டர்.

மேங் ஐயா விரல் விட்டு எண்ணினார். "புதன் எனக்கு ஆகாது. ஞாயிறு நல்ல நாள்."

"ஞாயிறு நான் தூங்குவேன்."

புதன்கிழமை பத்தரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். இளஞ்சிவப்புச் செருப்பைப் போட்டிருந்தார். காலுறைகள் புதியவை. டாக்டர் ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். என்ன மந்திரம் என்று நர்ஸ் கேட்டாள். மந்திரம் இல்லை, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டர் பயந்தது சரிதான். அவர் எதிர்பார்த்ததும் சரிதான். மேல்தோலைத் தாண்டவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையில் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து மொத்தத்தையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். இலையுதிர்காலம் வந்த பிறகு ஒரு நாள், ஊன்றுகோலோடு எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

டாக்டர் காலைப் பார்த்தார். கையால் அழுத்தினார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்தார். பெரிய மருத்துவமனையின் அறிக்கையைப் படித்தார்.

"சுத்தமா இருக்கு."

"இன்னும் எத்தனை வருஷம்?" என்றார் மேங் ஐயா. சாதாரணமாகக் கேட்பதுபோல இருந்தது. ஊன்றுகோலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அது உங்க தொழில்."

"எங்க தொழில்ல தனக்குத்தானே பார்த்துக்கக் கூடாது."

டாக்டர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். இரண்டு தாள்களைப் புரட்டினார்.

"ஜனவரி பதினாறு, வியாழன். காலையில பதினோரு மணிக்கு இங்கே இந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பீங்க. காலைக் காட்டிட்டு என்னைத் திட்டிட்டுப் போவீங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மேங் ஐயா ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்தார்.

"முப்பது வருஷமா நாள் குறிச்சுக் கொடுக்கறேன்" என்றார். "மணி வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல."

பிறகு என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள் என்று கையைக் காட்டினார். எழுதிக்கொண்டேன்.